‘பேர் போட்டிருக்கா, அக்கா?’

வாசகர் கேள்வி – பதில்

பாம்பனில் அப்பா தொடங்கிய பேப்பர் ஏஜென்சியை 31 வருடமாக நான் நடத்தி வருகிறேன். விடியற்காலையில் மதுரையிலிருந்து வரும் கட்டைப் பிரித்து, இணைப்பைச் செருகி, பையன்களிடம் கொடுத்து அனுப்புவது ஒரு வேலை. மாலையில் ஊர்ச் செய்தியை எழுதி அனுப்பும் பகுதிநேர நிருபர் வேலை இன்னொன்று. ‘ஜனங்கள் ஏன் செய்தி படிக்கிறார்கள்?’ என்பதைப் பற்றி வாசகர்கள் கேட்டால் பதில் சொல்ல முடியுமா என்று ஆசிரியர் கேட்டார். வந்த கடிதங்களில் நம் கடற்கரைக்காரர்கள் எழுதியவற்றை முதலில் எடுத்துக்கொண்டேன்.

நடந்தது எல்லாம் முதல் நாளே போனில் வந்துவிடுகிறது. மறுநாள் காலையில் காசு கொடுத்துப் பேப்பர் வாங்குகிறவர்கள் எதற்காக வாங்குகிறார்கள்?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தொண்டி

சார், ஒரு நாள் காலை ஆறு மணிக்கு என் கடை வாசலில் வந்து நில்லுங்கள். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கிறவர் ஒருவரும் இருக்க மாட்டார். ஐஸ் கம்பெனிக்காரர் வாங்கின கையோடு வானிலையைத் தேடுவார். படகு கடலுக்குப் போகாவிட்டால் அவருக்கு ஐஸ் போகாது. எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் நேராகக் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்துக்குப் போவார். கூடப் படித்தவர், கூட வேலை பார்த்தவர் யாராவது போய்விட்டார்களா என்று பார்த்த பிறகுதான் டீ கிளாஸைத் தொடுவார். மகளுக்கு வரன் பார்க்கிற அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் மட்டும் போதும். டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிற பிள்ளைகள் பாதிப் பேப்பரை வெட்டி நோட்டில் ஒட்டிவிடுகிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், டீக்கடையில் ஒரே பேப்பர் பத்துக் கை மாறி, விளம்பரம் வரைக்கும் படிக்கப்படும்.

இது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் சிறு பையனாக இருந்தபோது, அவருடைய உறவினர் சம்சுதீன்தான் அந்த ஊருக்கே பேப்பர் ஏஜென்ட். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஓடும் ரயிலிலிருந்து பேப்பர் கட்டை வீசுவார்கள். அதைப் பிடித்துக் கொடுத்துத்தான் கலாம் தன் முதல் சம்பாத்தியத்தைப் பார்த்தார். அன்றைக்கு ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் அளவில்தான். அவர்கள் எதற்குப் பேப்பர் வாங்கினார்கள் என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார்: சுதந்திரப் போராட்டம் எந்த மட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஜோதிடம் பார்க்க, சென்னையில் தங்கம் வெள்ளி விலை என்ன என்று பார்க்க. அதிகம் கேட்கப்பட்டது தினமணி.

எனக்கு இந்த மூன்றும் சமம்தான் சார். மகளுக்குச் சவரன் சவரனாகச் சேர்க்கிற ஒருவருக்குத் தங்கம் விலைதான் தலைப்புச் செய்தி. அவரை அற்ப வாசகர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

என் அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. இலங்கை வானொலி எங்கள் கரையில் உள்ளூர் வானொலி மாதிரித் தெளிவாகக் கேட்கும். அதில் மரண அறிவித்தல் வரும் நேரத்துக்கு அவர் உலையை இறக்கிவைத்துவிட்டு வந்து உட்காருவார். மன்னாரிலும் தலைமன்னாரிலும் அவருக்குச் சொந்தம் இருந்தது. கப்பல் நின்று, போக்குவரத்து நின்று, கடிதமும் அபூர்வமாகிப்போன காலத்தில், இன்னாருடைய தாயார், இன்னாருடைய மாமியார் என்று வரிசையாக வாசிக்கும் அந்தக் குரல்தான் அவருக்கு அக்கரையோடு இருந்த ஒரே தொடர்பு. நாட்டு நடப்பு தொடங்கியதும் எழுந்து போய்விடுவார்.

இதழியல் படிக்கிறேன் அக்கா. வகுப்பில் சிலரிடம் ‘என்ன செய்தி வேண்டும்?’ என்று கேட்டுப் பார்த்தோம். எல்லோரும் அரசியல், உலக நடப்பு என்கிறார்கள். ஆனால் அவர்கள் படிப்பது வேறாக இருக்கிறது. பொய் சொல்கிறார்களா?
– கல்லூரி மாணவி, கீழக்கரை

பொய் இல்லைம்மா. கேள்விதான் சரியில்லை.

1945 ஜூன் கடைசியில் நியூயார்க்கில் பேப்பர் கட்டுகளைக் கொண்டுசேர்க்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் வீட்டுக்குப் பேப்பர் வரவில்லை. அந்த ஊர் மேயர் லாகார்டியா வானொலியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சித்திரக்கதை வாசித்துக் காட்டினார் என்றால் பார்த்துக்கொள். அப்போது பெர்னார்ட் பெரல்சன் என்ற ஆய்வாளர், பேப்பர் இல்லாமல் எதை இழந்தீர்கள் என்று அறுபது பேரிடம் ஆர அமரக் கேட்கச் செய்தார். எல்லோரும் முதலில் சொன்னது உன் வகுப்பில் சொன்ன அதே பதில்: உலகத்தில் நடப்பது தெரியவில்லையே! சரி, எந்தச் செய்தியைத் தொடர முடியாமல் தவிக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குக் குறிப்பாக ஒன்றும் வாயில் வரவில்லை. தோண்டிக் கேட்ட பிறகு மற்றதெல்லாம் வந்தது. கடை விளம்பரம் இல்லை, இறந்தவர் விவரம் இல்லை, நாலு பேரோடு பேச விஷயம் இல்லை. கையில் எதையாவது வைத்துப் படிக்காமல் காலைப்பொழுது காலைப்பொழுதாகவே இல்லை. சிலர் பழைய பேப்பரை எடுத்துத் திரும்பப் படித்தார்கள். அந்த ஆய்வு 1949ல் வெளிவந்தது. உன் பாடத்திலும் இருக்கும், தேடிப் படி.

இதை நான் படித்தபோது பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புயல் மழையில் வண்டி வராத ஒரு காலை, இருபது வருடமாக என்னிடம் பேப்பர் வாங்கும் ஒருவர் நனைந்துகொண்டே வந்தார். வரவில்லை என்றேன். போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, ‘நேத்துது இருந்தாக் குடும்மா’ என்றார். கொடுத்தேன். முதல் நாள் அவர் படித்து முடித்த அதே பேப்பரை எழுத்து விடாமல் இன்னொரு தடவை படித்துவிட்டு, நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த முறை, என்ன வேண்டும் என்று கேட்காதே. ‘நேற்றுப் படித்ததில் எதை வீட்டிலோ வேலையிலோ இன்னொருவரிடம் சொன்னீர்கள்?’ என்று கேட்டுப் பார். மனிதர்கள் எடுத்துப்போய்ச் சொல்வதற்காகத்தான் பாதிச் செய்தியைப் படிக்கிறார்கள். 1942ல் மதுரையில் ஆதித்தனார் தினத்தந்தியைத் தொடங்கிப் பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் செய்தியைக் கொண்டுவந்தது டீக்கடையில் அவ்வளவு தூரம் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். ஒருவர் உரக்க வாசித்தால் சுற்றியிருக்கிற பத்துப் பேருக்கும் அது அப்படியே புரிந்தது. புரிந்ததை அவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

ஏன் எப்போதும் கெட்ட செய்தியாகவே போடுகிறீர்கள்?
– ஒரு வாசகர், சாயல்குடி

கெட்டது என்றால் உடம்பே திரும்பிப் பார்க்கிறது. 2019ல் வெளியான ஓர் ஆய்வில் 17 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் செய்திகளைக் காட்டி, இதயத்துடிப்பையும் தோலில் தெரியும் மாற்றத்தையும் அளந்தார்கள். சராசரியாகக் கெட்ட செய்திக்குத்தான் உடம்பு கூடுதலாக விழித்துக்கொண்டது. ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசமும் நிறைய இருந்தது. அதனால் ‘ஜனங்கள் கேட்கிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம்’ என்று எங்கள் ஆட்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. மீனவர் கைது என்றால் நாலு பத்தி, விடுதலை என்றால் ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டியை என் கடையில் எத்தனை பேர் தேடிப் படிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது.

தங்கச்சி, என் மகன் விசைப்படகில் போகிறான். டிவியில் ‘மீனவர்கள் கைது’ என்று ஓடினாலே கை நடுங்குகிறது. ஒரு வருடமாகச் செய்தி பார்ப்பதையே விட்டுவிட்டேன். பொறுப்பில்லாமல் இருப்பதாக மருமகள் சொல்கிறாள். நான் செய்வது தப்பா?
– ஒரு தாய், மண்டபம்

தப்பே இல்லை அக்கா. நீங்கள் தனியாளும் இல்லை. ஆக்ஸ்போர்டில் உள்ள ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் வருடா வருடம் பல நாடுகளில் இதைக் கேட்கிறது. செய்தியைச் சில சமயமாவது வேண்டுமென்றே தவிர்க்கிறேன் என்றவர்கள் 2017ல் நூற்றுக்கு 29 பேர். 2024ல் 39 பேர். மனது கெட்டுப்போகிறது, சொன்னதையே சொல்கிறார்கள், தெரிந்து நான் என்ன செய்ய முடியும் – இப்படித்தான் காரணம் சொல்கிறார்கள். நீங்கள் எழுதியதும் இதுதானே.

ஆனால் உங்கள் கை நடுங்குவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு நாள் காலை கரைக்கு வர வேண்டிய படகுகளில் சில வரவில்லை. அதற்கடுத்த நாள் பேப்பரில் மூன்று வரி: இத்தனை பேர் கைது, இத்தனை படகு பறிமுதல். நான் கட்டைப் பிரிக்கும் முன்பே ஏழெட்டுப் பெண்கள் வாசலில் நின்றிருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்தேன். மூன்று வரியை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்? முடித்ததும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான். ‘பேர் போட்டிருக்கா, அக்கா?’

போடவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் இருந்தது.

அன்று பகலில் மீனவர் சங்கத்துக்காரர்களிடமும் சம்மாட்டிகளிடமும், அதாவது படகுச் சொந்தக்காரர்களிடமும், விசாரித்துப் பேர், தகப்பன் பேர், தெரு, படகு எண் எல்லாம் எழுதி நானே செய்தி அனுப்பினேன். நம் கரையில் அந்தோணி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள், தகப்பன் பேர் இல்லாமல் ஆளைப் பிரிக்க முடியாது. மறுநாள் பேப்பரைப் பார்த்தால் இடம் போதவில்லை என்று தகப்பன் பேரையும் படகு எண்ணையும் வெட்டியிருந்தார்கள். ஒரே பேரில் இரண்டு பேர் அடுத்தடுத்த தெருவில் இருந்தார்கள். பிடிபட்டவருடைய வீட்டில் ஒன்றும் தெரியாது. கடலில் தங்கி நின்று வேறு கரைக்குப் போயிருந்த மற்றவர் வீட்டில் காலையிலிருந்து அழுகை.

விஷயம் தெரிந்ததும் என் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அழுத வீட்டில் சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனேன். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்து மீன் செதிள் எடுத்துக்கொண்டிருந்தாள். நோட்டில் இருந்த பேரையும் அவள் மாமனார் பேரையும் வாசித்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். படிக்கத் தெரியாதவள். நான் காட்டிய வரியில் விரலை வைத்து, ‘இதுதான் அவரா?’ என்றாள். அவள் விரலை எடுத்த இடத்தில் ஒரு செதிள் ஒட்டியிருந்தது. அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

பேப்பர் ஆபீஸில் உட்கார்ந்து வெட்டியவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது இடப் பிரச்சினை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒன்று மாறவே இல்லை: எண்ணிக்கை மட்டும் போட்ட செய்தி, கடலுக்கு ஆளை அனுப்பிய எல்லா வீட்டையும் ஒரே நேரத்தில் பதற வைக்கிறது. பேர் போட்ட செய்தி சில வீடுகளைப் பதற வைத்து, மற்ற வீடுகளை மூச்சுவிட வைக்கிறது. அந்தச் சில வீடுகளுக்கும் அடுத்து எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிகிறது. டிவியின் அடியில் ஓடுகிற வரி உங்களுக்கு நடுக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பதில் கொடுக்காமல் போய்விடுகிறது அக்கா. அதைப் பார்க்காமல் இருப்பது நல்லதுதான்.

வானிலையை மட்டும் விடாதீர்கள். பாம்பனிலிருந்து 2016 முதல் மீனவர்களுக்காகவே ஒலிபரப்பாகிற கடல் ஓசை சமுதாய வானொலி இருக்கிறது, 90.4ல். காற்றையும் அலையையும் நம் பேச்சிலேயே சொல்வார்கள். அப்புறம், மகன் போகிற படகின் எண், சம்மாட்டி போன் நம்பர், சங்கத்து நம்பர் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். மருமகளையே எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் டிவிக்கு முன்னால் உட்காராமல் அதில் ஒரு நம்பருக்குப் போன் போடுங்கள்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலே டிவிக்காரர்கள் வந்து பரபரப்பு என்கிறார்கள். வெளியூர்ச் சொந்தங்கள் போன் போட்டு அழுகிறார்கள். 1ஆம் எண் கூண்டு அவ்வளவு ஆபத்தா?
– பிளஸ் டூ மாணவன், தங்கச்சிமடம்

இல்லை தம்பி. எங்கோ தூரத்துக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது, கவனமாக இருங்கள் என்பதுதான் 1. துறைமுகத்துக்கு அப்போது நேரடி ஆபத்து இல்லை. 3 என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று வரலாம். 10 என்றால் பெரிய அபாயம். பகலில் கூண்டு தொங்கும், இரவில் அதே குறிப்பை விளக்கால் காட்டுவார்கள். ‘கூண்டு ஏற்றினார்கள்’ என்பதோடு எண்ணின் அர்த்தத்தையும் ஒரு வரி சேர்த்தால் உன் சொந்தக்காரர்கள் அழ மாட்டார்கள். நான் அனுப்பும் செய்தியில் அந்த வரி கட்டாயம் இருக்கும்.

மொத்தம் 11 எண் உண்டு. 11க்கு என்ன அர்த்தம் தெரியுமா? புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரும் என்று இங்குள்ள அதிகாரியே கருதுகிறார் என்று அர்த்தம். பத்துக்கு மேலே அதை வைத்திருக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அலை மூடி, பாம்பனிலிருந்து போன 653ஆம் எண் பயணிகள் ரயிலையும் அடித்துக்கொண்டு போனபோது அந்த முனைக்கு அப்படித்தான் ஆனது. பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. அதைச் சரிசெய்ய 46 நாள் பிடித்தது. அந்த நாட்களில் யாராவது மண்டபத்திலிருந்து படகில் ஒரு பேப்பரைக் கொண்டுவந்தால் தெருவே கூடி அதில் பேர்களைத் தேடும் என்று அப்பா சொல்வார்.

கடல் உள்வாங்கிவிட்டது, சுனாமி வருகிறது என்று வாட்ஸ்அப்பில் படத்தோடு வருகிறது. நம்புவதா?
– இல்லத்தரசி, ஏர்வாடி

காற்றும் நீரோட்டமும் மாறும்போது நம் பக்கம் கடல் உள்வாங்குவதும், படகு தரைதட்டி நிற்பதும், சில மணி நேரத்தில் தண்ணீர் திரும்புவதும் வழக்கமாக நடப்பவை. படம் உண்மையாக இருக்கலாம், கூட எழுதியிருப்பதும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. அனுப்பியவரிடம் ‘நீங்களே பார்த்தீர்களா, எந்த இடம், எத்தனை மணிக்கு?’ என்று கேளுங்கள். நான் கேட்டவரையில் மூன்றாவது கேள்வியைத் தாண்டியவர் இல்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் புதிதாக நிருபராகச் சேர்ந்திருக்கிறேன் அக்கா. மீனவர் கைதுச் செய்தியை எப்படி எழுதுவது?
– இளம் நிருபர், தேவிபட்டினம்

வாழ்த்துகள் தம்பி. பேரோடு தகப்பன் பேர், வயது, தெரு. படகு எண், சம்மாட்டி பேர். பிடித்த இடம் நெடுந்தீவுப் பக்கமா, கச்சத்தீவுப் பக்கமா, தலைமன்னார்ப் பக்கமா? எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை சொன்னால், அவர்கள் சொல்கிறார்கள் என்று எழுது. நீயே தீர்ப்புச் சொல்லாதே. கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியை இலங்கை 2017ல் தடை செய்தது, 2018ல் வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தைப் பெரிதாக ஏற்றியது. அதையும் வாசகருக்குச் சொல். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வலை அறுந்து உட்கார்ந்திருக்கிறவர்களும் தமிழில்தான் பேப்பர் படிக்கிறார்கள். அவர்களுடைய பேப்பரையும் இணையத்தில் எடுத்துப் படித்துவிட்டு எழுது.

அப்புறம், எந்த நீதிமன்றம், எந்தத் தேதி வரை காவல் என்று கேட்டு, அந்தத் தேதியை உன் காலண்டரில் வட்டம் போட்டு வை. அன்றைக்கு மறக்காமல் விசாரித்து இன்னொரு செய்தி எழுது. விடுதலையானால் பெரும்பாலும் விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கிருந்து வேனில் ஊருக்கு வருவார்கள். அந்த வேன் எத்தனை மணிக்கு வரும், எங்கே நிற்கும் என்பதையும் போட்டுவிடு. இங்கே சோறாக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.